ஒரு வாத்து குறைகிறது

சாவியை வாங்கிக்கொண்டு கடந்துபோக வேண்டியவள்தான் அவள்.
விளையாட்டின் இரண்டாம் ஊரில், குளத்தங்கரையில்,
கம்பும் கோணல் தொப்பியுமாக நிற்பாள்.
கடைக்கு வரும் பையன்கள் சாவி கேட்பார்கள்,
தருவாள், ஓடிவிடுவார்கள்.
டிராகனைக் கொல்ல வேண்டுமே.

நான் நின்றேன்.
தன்லின் சந்தைக்குப் பின்னால் போன் ரிப்பேர் கடை எனக்கு.
நாலு மணி நேரம் கரண்ட், மிச்சமெல்லாம் இருட்டு.
இணையம் இல்லாமலே பேசுவாள்,
போனுக்குள் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும்.

"எத்தனை வாத்து?" என்று தட்டினேன்.
"நாற்பத்தொன்று. ஒன்று குறைகிறது."
மறுநாளும் ஒன்று குறைந்தது.
தமிழில் கேட்டேன், தமிழில் சொன்னாள்.
பர்மியத்தில் வைதேன், பர்மியத்தில் வைதாள்.
எங்கள் வீட்டில் பேசுவதுபோல் பாதிப் பாதியாகக் கேட்டபோது மட்டும்
சற்று நின்று
பாதிப் பாதியாகவே பதில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கும் ஒன்று குறைந்தது.

வீட்டில் பொன்னுரங்கம், அட்டையில் சோ தூ.
பெயர்ப் பட்டியல் வந்த வாரம்
சால்டரிங் கம்பியைச் சூட்டோடு மேசையில் விட்டுவிட்டுப் போனவன்.
மியாவடி என்றார்கள். காடு என்றார்கள்.
ஆற்றைத் தாண்டிவிட்டான் என்றாள் அவன் அக்கா,
அடுத்த மூச்சில், நான் எதுவும் சொல்லவில்லை என்றாள்.
அவன் எண்ணை அழித்தேன். படங்களை அழித்தேன்.
இருவரும் சிரிக்கும் ஒரு படத்தில்
பின்னால் நின்ற ஐஸ் வண்டிக்காரனும் சேர்ந்து அழிந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்.
டீக்கடையில் முடியாது. கோயிலில்,
அங்கே தூணுக்கும் காது.
அவளிடம் சொன்னேன், வாத்து பாஷையில்:
"கிழக்கே போனது. சாம்பல் இறக்கை. நீச்சல் அரைகுறை."
"சத்தமாகக் கூப்பிட்டாயா?"
"கூப்பிடக் கூடாது."
"அப்படியானால் தீனியை வைத்துவிட்டுத் தள்ளி நில்."

யார் எழுதிக் கொடுத்தார்கள் இதை அவளுக்கு?
யாரும் எழுதவில்லையாம். அதுதான் புது வித்தையாம்.

டிஸ்ப்ளே வாங்க ரங்கூன் போகும் பஸ்ஸைப்
பாலத்தில் நிறுத்தினார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை.
என் போனை வாங்கியவனுக்கு
மீசை வரலாமா என்று யோசிக்கும் வயது.
படங்கள், செய்திகள், எல்லாம் கழுவிவிட்ட தரை.
விளையாட்டைத் தொட்டான்.
முந்தின நாள் பர்மியத்தில் முடித்திருந்தேன்.
அவள் திரும்பிப் பார்த்து, அதே பர்மியத்தில்,
"உன் சாம்பல் வாத்து கரையேறிற்றா?"

"எந்த வாத்து?" என்றான்.
"விளையாட்டு" என்றேன்.
சிரிக்கவில்லை. தட்டத் தொடங்கினான்.
பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை வாந்தியெடுத்தது.
பின்னால் நின்ற லாரி ஹாரனில் கை வைத்து, எடுத்துக்கொண்டது.
தட்டிக்கொண்டே இருந்தான்.
பிறகு திரையைத் தன் சட்டையில் துடைத்து நீட்டினான்.
"போ."

இரவு போர்வைக்குள் படித்தேன்.
அவன்: அறுத்த வயலில் விடு. குளத்திலேயே வைத்தால் மெலியும்.
அவள்: உனக்கு எப்படித் தெரியும்?
அவன்: எங்களுக்கு அறுநூறு. போகலேயில். நண்டு தின்றால் மஞ்சள் கரு சிவக்கும்.
அவள்: இப்போது யார் மேய்க்கிறார்கள்?
அவன்:
அந்த இடத்தில் வெறும் வரி ஒன்றை அனுப்பியிருந்தான்.

குளத்தை விட்டு நகர முடியாதபடிதான்
அவளைச் செய்திருக்கிறார்கள்.
ஆனாலும் இப்போதெல்லாம்
அறுப்பு எப்போது என்று கேட்கிறாள்.

நேற்று, "எத்தனை?" என்றேன்.
"நாற்பத்தொன்று" என்றாள். "இரண்டு குறைகிறது."

நான் திருத்தவில்லை.
சாவியையும் இன்னும் வாங்கவில்லை.